பச்சை மையும் பென்சில் கோடும்

முப்பத்தெட்டாம் நம்பர்தான் இப்ப உள்ளுக்குப் போயிருக்கு, தம்பி. அது நாங்கள்தான். உங்களுக்கு எத்தனை? நாப்பத்திரண்டே? அப்ப மத்தியானம் திரும்பும். இருங்கோ. உந்தப் பக்கம் வாங்குக் கால் ஆடும், இஞ்சால தள்ளி இருங்கோ. நீங்கள் பேக்கரிப் பாண் வாங்கிக்கொண்டு வந்தது நல்ல வேலை. இஞ்ச பக்கத்தில ஒரு கடையும் இல்லை. போன முறை தெரியாமல் வந்து பசி கிடந்தனாங்கள்.

ஆரைத் தேடி வந்தனீங்கள்? தமையனையோ. ம். நாங்கள் மனுசியின்ர தம்பியை. குலவீரசிங்கம் எண்டு பேர், வீட்டில குலம். மனுசிதான் உள்ளுக்கு. நானும் வாறன் எண்டு எழும்பினன், கையைக் காட்டி இருக்கச் சொல்லிப்போட்டா. சரி, அவவின்ர தம்பி, அவவே சொல்லட்டும். ஆனால் அந்தக் காலத்து விசயம் அவவுக்கு என்ன தெரியும்? கந்தோருக்குள்ள இருந்தது நான். பைல் பாத்தது நான். அந்த உள்ளுக்கிருக்கிற துரை என்னட்டையெல்லோ கேக்கவேணும்.

காணாமல் போன ஆக்களைப் பதியிற இந்தக் கந்தோரில ஒரு பழக்கம் இருக்கு, உங்களுக்கும் சொல்லுவினம். படிவத்தை முதல் பென்சிலாலதான் நிரப்பவேணும். சனம் அழுது குழறித் திகதியைப் பிழையாச் சொல்லுதாம், ஆளை மாத்திச் சொல்லுதாம். அதால பென்சிலால எழுதி, வெளியில கொண்டுவந்து, ஆறுதலா வாசிச்சு, பிழையைத் திருத்தி, வீட்டாள் ஒராள் பேனையால மேல எழுதிக் குடுக்கவேணும். நல்ல முறைதான். ஆனால் பென்சிலைக் கண்டால் எனக்கு இண்டைக்கும் ஒரு மாதிரி. ஏன் எண்டு சொல்லுறன்.

அந்த நேரம் எங்களுக்கெண்டு ஒரு அரசாங்கம் வந்ததெல்லே, கொஞ்சக் காலம்? பக்கத்து நாட்டு ஆமி வந்து நிண்ட காலம். அந்த அரசாங்கத்தில நான் வேலை செய்தனான். அமைச்சர் ஒருத்தரின்ர கந்தோரில பெரிய கிளாக்கர். ஏன் சிரிக்கிறியள்? கேளுங்கோ, கேளுங்கோ, எல்லாரும் கேக்கிற கேள்விதான். அது உண்மையில எங்கட அரசாங்கமோ, இல்லை, வந்து நிண்டவையின்ர அரசாங்கமோ. இருபத்தொன்பது வருசமா நானும் இதைத்தான் யோசிக்கிறன். மற்றவை பேப்பரில எழுதினதை வாசிச்சுப்போட்டுக் கதைக்கினம். நான் உள்ளுக்கு இருந்தனான்.

முதல் மீன்பிடிக் கந்தோரிலதான் எனக்கு வேலை. என்ர டைப்பில பிழை வராது எண்டு கேள்விப்பட்டு அமைச்சர் கூப்பிட்டவர். பேர் வேண்டாம், தம்பி. அவர் இப்ப வேற நாட்டில, பேரப்பிள்ளையளோட இருக்கிறார், சுகமா இருக்கட்டும். அப்ப என்னைக் கண்டு, "இராசநாயகம், எங்கட சனத்துக்கு எண்டு நாங்களே கையெழுத்துப் போடுற நாள் வந்திருக்கு, நீர் வாரும்" எண்டார். எனக்குக் கண்ணில தண்ணி வந்திட்டுது. அதுவரைக்கும் எல்லாக் கடிதமும் கொழும்பில இருந்து வரும், எங்களுக்கு விளங்காத பாசையில வரும். நான் அதுக்கு ஒரு முத்திரை குத்தி அனுப்புவன். இப்ப எங்கட பாசையில, எங்கட பேரில, எங்கட அமைச்சர் பச்சை மையால கையெழுத்து வைக்கிறார். நீங்கள் அப்ப சின்னப் பிள்ளையா இருந்திருப்பியள். அந்தப் பச்சை மையின்ர வடிவு உங்களுக்குத் தெரியாது.

தலைப்பு அடிச்ச கடுதாசி முதல் கட்டு வந்த அண்டைக்கு ஒரு தாளை வீட்டை கொண்டுபோய்க் காட்டினன். மனுசி கையைத் துடைச்சுப்போட்டுத்தான் தொட்டவ. குலம் இருக்கிறானே, அவன் ஒரு குசும்பன். சங்கக் கடையில அரிசி நிறுக்கிற வேலை, இருபத்திரண்டு வயசு. தாய் செத்த நாளில இருந்து மனுசிதான் வளர்த்தவ. எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. அவன் அந்தத் தாளை வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்துப்போட்டு, "அத்தான், அரசாங்கம் எங்கட, கடுதாசி ஆற்ற?" எண்டான். பாத்தால், தாளுக்குள்ள மங்கலா அவையின்ர நாட்டு ஆலையின்ர அடையாளம். எனக்குச் சரியான கோபம். "கடுதாசி எங்க செய்தால் என்ன, எழுதுறது நாங்களெல்லோ" எண்டு ஏசிப்போட்டன். அவன் சிரிச்சுக்கொண்டு போட்டான்.

இனி வேலை நடந்த விதத்தைக் கேளுங்கோ. இது ஒருத்தருக்கும் தெரியாது.

அமைச்சர் சொல்லுவார், நான் டைப் அடிப்பன். அடிச்ச உடன கையெழுத்துக்கு வைக்கேலாது. மண்ணிறக் கவருக்குள்ள போட்டு வைக்கவேணும். பத்து மணிக்கு முகாமில இருந்து ஒரு ஜீப் வரும், கவரைக் கொண்டுபோகும். மூண்டு மணிக்குத் திரும்பி வரும். மேல "தகவலுக்காக" எண்டு நானே அடிச்சிருப்பன். தகவலுக்கு மட்டும்தான், தம்பி, அனுமதிக்கு இல்லை. அப்பிடித்தான் எங்களுக்குச் சொன்னது. திரும்பி வரேக்க தாளின்ர இடது மூலையில பென்சிலால சின்ன அடையாளம் இருக்கும். சரி எண்டு ஒரு கீறு போட்டிருந்தால் அமைச்சர் கையெழுத்து வைப்பார். வட்டம் போட்டிருந்தால் அந்த வரியை மாத்தவேணும். கோடு இழுத்திருந்தால் அது இல்லை. ஒரு சொல்லும் எழுதமாட்டினம். மரியாதையான ஆக்கள்.

அமைச்சர் பச்சை மையால வைச்ச பிறகு என்ர வேலை துவங்கும். பென்சில் அடையாளத்தை அழிக்கவேணும். அழிச்சுப்போட்டுத்தான் பைலில போடவேணும். ஆரும் நாளைக்கு எடுத்துப் பாத்தால் பச்சைக் கையெழுத்து மட்டும்தான் இருக்கவேணும். நல்ல அழிறப்பர் எங்க கிடைச்சது அந்த நேரம்? கிடைச்சதுகள் தாளில ஊத்தை பிடிக்கும். நான் பாண் துண்டால துடைக்கிறனான். பாணின்ர உள்சதையைக் கிள்ளி உருட்டி, ஒரே பக்கமா மெல்ல இழுக்கவேணும். அங்கையும் இஞ்சையும் தேய்ச்சால் தாளின்ர தோல் எழும்பிப்போடும். நான் துடைச்ச தாளை வெய்யிலில பிடிச்சுப் பாத்தாலும் ஒண்டும் தெரியாது. மற்றக் கந்தோருகளில இருந்து என்னட்டப் பழக வந்தவை. காலமை பாண் வாங்கேக்க ஒரு துண்டைக் கந்தோருக்கெண்டு எடுத்துவைப்பன். குலம் கேப்பான், "அத்தானின்ர அரசாங்கம் காலமை சாப்பிட்டுதோ?" எண்டு. அவனுக்கு நான் விசயம் சொல்லியிருந்தனான். வீட்டில ஒருத்தருக்காவது சொல்லவேணுமெல்லே. குசினியில நிண்ட மனுசிக்கும் கேட்டிருக்கும்.

நான் அதைப் பிழை எண்டு நினைக்கேல்லை, பாருங்கோ. பக்கத்து வீட்டுக்காரர் எங்களுக்காக வந்து நிக்கிறார், தேத்தண்ணி குடிக்கேக்க அவரிட்டையும் ஒரு சொல் கேக்கிறதில்லையோ? அப்பிடித்தான் எடுத்தனான்.

பிறகு ஒருநாள் கிணத்து விசயம் வந்தது. மனுசியின்ர ஊரில பள்ளிக்கூடத்துக் கிணறு இடிஞ்சு போச்சு. பிள்ளையள் தண்ணிக்கு றோட்டுத் தாண்டிப் போகுதுகள். கட்டுறதுக்கு ஓடர் அடிச்சு அனுப்பினன். திரும்பி வந்துது, மூலையில ஒண்டும் இல்லை. கீறும் இல்லை, கோடும் இல்லை. மறந்துபோச்சினம் போல. நான் கொண்டுபோய் வைச்சன். அமைச்சர் பேனை மூடியைக் கழட்டினார், மூலையைப் பாத்தார், திருப்பி மூடினார். "நாளைக்குப் பாப்பம்" எண்டார். அடுத்த நாளும் அப்பிடித்தான். நாலு நாள். கிணறு, தம்பி! பள்ளிக்கூடக் கிணறு. அதில அவைக்கு என்ன இருக்கு?

அஞ்சாம் நாள் நான் என்ர மேசையில இருந்து பென்சிலை எடுத்து, இடது மூலையில நானே ஒரு கீறு போட்டன். கொண்டுபோய் வைச்சன். அவர் பாத்தார், முகம் தெளிஞ்சுது, உடன வைச்சார் பச்சைக் கையெழுத்தை. "வந்திட்டுதே, சந்தோசம்" எண்டார். நான் வெளியில வந்து பாணால துடைச்சன். இண்டைக்கும் அந்தக் கிணத்தில தண்ணி அள்ளுகினம். அண்டைக்கு ஒரு பத்து நிமிசம் நான்தான் அரசாங்கம் எண்டு குலத்துக்குச் சொல்லிச் சிரிச்சனான். அவன் சிரிக்கேல்லை. "அப்ப அத்தான், அங்க ஆரும் இல்லையோ?" எண்டு கேட்டான். எனக்கு அப்ப விளங்கேல்லை, அவன் என்ன கேக்கிறான் எண்டு.

பாணைச் சாப்பிடுங்கோ தம்பி, எனக்காகப் பாத்துக்கொண்டு இருக்கவேண்டாம். எனக்கு வேண்டாம், சீனி வருத்தம்.

இனிப் பட்டியல் விசயம். அதுதான் முக்கியம்.

வந்த ஆமி போகப்போகுது எண்டு கதை அடிபடத் துவங்கின நேரம். அவை போனால் காட்டுக்குள்ள இருக்கிற இயக்கத்திட்ட இருந்து எங்களை ஆர் காக்கிறது? எங்களுக்கெண்டு ஒரு படை வேணும் எண்டு முடிவெடுத்தினம். ஆர் முடிவெடுத்தது எண்டு கேக்காதையுங்கோ, அந்தத் தாளிலயும் மூலையில கீறு இருந்தது. பொடியளைப் பிடிக்கத் துவங்கினது உங்களுக்குத் தெரியும்தானே. பஸ்ஸால இறக்கி, ரியூசனுக்குப் போன இடத்தில, எல்லாம் நடந்தது. சனம் திட்டுது. அப்ப அமைச்சர்மார் கூடிப் பேசி, கந்தோர் ஆக்கள் முன்மாதிரியா இருக்கவேணும், ஒவ்வொரு வீட்டாலயும் ஒரு பேர் தரவேணும் எண்டு சொன்னவை. வயசு முப்பத்தஞ்சுக்கு உள்ள. எனக்கு முப்பத்தாறு. ஒரு வயசு கூடிப்போச்சு, என்ன செய்யிறது? சிவக்கொழுந்தர் எண்டு எங்கட பைல் அறைக்காரர், அவர் தன்ர மருமோனைக் குடுத்தவர். மற்றவையும் குடுத்திட்டினம். என்ர வீட்டில வயசுக்குள்ள ஒராள்தான். பட்டியலை டைப் அடிக்கிறது நான். பதினேழாவது பேரா அடிச்சன். அடிச்சது மட்டும்தான். பேர் கேட்டது அவை.

வீட்டை போய்ச் சொன்னன். மனுசி ஒண்டும் கத்தேல்லை. என்ர காலுக்குக் கிட்ட வந்து இருந்தவ. "இஞ்சருங்கோ, அவனுக்கு வலது கண் மத்தியானத்துக்குப் பிறகு மங்கும், உங்களுக்குத் தெரியும். துவக்குப் பிடிச்சுக் குறிபாக்கமாட்டான். சொல்லிப் பாருங்கோ" எண்டா. குலம் குசினி வாசலில நிண்டவன். எனக்கு மனம் தாங்கேல்லை, தம்பி. நானும் மனுசன்தானே.

அடுத்த நாள் மேஜரைக் கண்டன். முகாமில எங்கட கந்தோர் விசயம் பாக்கிறவர் அவர்தான். எங்கட பாசை கொஞ்சம் பழகியிருந்தார், எல்லாத்தையும் கலந்து கதைப்பார். நான் கண் விசயத்தைச் சொன்னன். "உங்க வீட்டில வேற ஆண்பிள்ளை இருக்கு?" எண்டு கேட்டார். இல்லை எண்டன். தலையாட்டினார். அவ்வளவுதான். மூண்டு மணி ஜீப்பில பட்டியல் திரும்பி வந்துது. மூலையில கீறு. பதினேழாம் பேரில மட்டும் பென்சிலால ஒரு கோடு. மெல்லிய கோடு. பேரை வெட்டிப்போட்டார்.

எனக்கு மூச்சு வந்துது. வீட்டை போனால் மனுசிக்கு என்ன சொல்லலாம் எண்டு அந்த இடத்திலயே யோசிச்சுப்போட்டன்.

பட்டியலைக் கொண்டுபோய் வைச்சன். கோடு போட்ட பேரை விட்டுப்போட்டுத் திரும்ப டைப் அடிச்சுக் கொண்டுவரட்டோ எண்டு கேட்டன். அமைச்சர் ஏற இறங்கப் பாத்தார். "இதை ஆர் வெட்டினது?" எண்டார். "மேஜர், சேர்" எண்டன். அப்ப அவர் கதிரையை விட்டு எழும்பினார். பத்துப் பதினொரு மாசத்தில அவர் அப்பிடி எழும்பி நான் காணேல்லை. சொல்லுறார்: "எங்கட படையில ஆர் சேருறது, ஆர் சேராதது எண்டும் மேஜர்தான் சொல்லவேணுமோ, இராசநாயகம்? இதுக்கும் அவையைக் கேட்டால் பிறகு நாங்கள் எதுக்கு?"

மயிர்க்கூச்செறிஞ்சுது எனக்கு. பொய் சொல்லேல்லை. இதைத்தானே, இந்த ஒரு வசனத்தைத்தானே நான் முதல் நாளில இருந்து அவரின்ர வாயால கேக்கக் காத்துக்கொண்டு இருந்தனான்.

பிறகு குரலைத் தணிச்சு, "அந்தப் பதினேழாவது ஆள் உமக்கு ஆர்?" எண்டு கேட்டார். "மச்சான், சேர்." யன்னல் பக்கம் திரும்பினார். "அப்ப நீரே யோசிச்சுச் செய்யும். நான் ஒண்டும் சொல்லேல்லை. நீர் கொண்டுவாறதில நான் கையெழுத்து வைப்பன்" எண்டார்.

நீங்கள் சொல்லுங்கோ, நான் என்ன செய்யலாம்? ஒரு அமைச்சர் அப்பிடிச் சொன்னால் அது என்ன அர்த்தம்? நீரே செய்யும் எண்டால் செய் எண்டுதானே? வெளியில வந்தன். சிவக்கொழுந்தர் தன்ர மேசையில இருந்து என்னையே பாக்கிறார். தன்ர மருமோனைக் குடுத்த மனுசன். நான் குடுத்த பேரை மட்டும் ஆமிக்காரன் வெட்டிக் குடுத்தான் எண்டால் நாளைக்கு இந்தக் கந்தோரில நான் எப்பிடி நடக்கிறது? எங்கட அரசாங்கம் முதல்முதலா ஒரு விசயத்தில நிமிந்து நிக்குது, அதைக் குலைக்கிறவன் நானோ?

மேசை லாச்சிக்குள்ள காலமை பாண் துண்டு கிடந்தது, காய்ஞ்சுபோச்சு. நடுவில கொஞ்சம் மெது இருந்தது. கிள்ளி உருட்டினன். மூலையில இருந்த கீறையும் துடைச்சன், பதினேழில இருந்த கோட்டையும் துடைச்சன். மெல்லிய கோடுதானே, ரெண்டு இழுப்பில போட்டுது. உள்ள கொண்டுபோய் வைச்சன். அவர் வாசிக்கேல்லை, கையெழுத்து வைச்சார்.

அதால நீங்கள் கேட்டதுக்கு என்ர மறுமொழி இதுதான், தம்பி. ஒரு நாள். அந்த அரசாங்கம் ஒரேயொரு நாள் தன்ர சொந்தக் காலில நிண்டது. அதை நான் கண்ணால கண்டனான்.

குலத்தை நான்தான் கொண்டுபோய் விட்டனான். ஜீப் வந்து ஏத்தினால் மனுசி தாங்கமாட்டா எண்டு சைக்கிளில பாரில ஏத்திக்கொண்டு போனன். சின்னப் பெடியனா இருக்கேக்க பள்ளிக்கூடத்துக்கும் அப்பிடித்தான் ஏத்திறது. பாரம் கூடிப்போச்சு எண்டு அவனே இறங்கி நடந்தான். பயிற்சி முகாம் வாசலில பையை வாங்கிக்கொண்டு, "அத்தான், மேஜர் வெட்டேல்லையோ?" எண்டு கேட்டான். நான், "இது எங்கட ஆக்களின்ர முடிவு, குலம்" எண்டன். அவன் தலையாட்டினான். "அப்ப சரி" எண்டான். உள்ளுக்குப் போட்டான். பிறகு நான் காணேல்லை.

மூண்டு கிழமை பயிற்சி. பிறகு றோட்டோரம் ஒரு காவலரணில விட்டதாக் கேள்வி. ஒரு துண்டுக் கடிதம் வந்தது, சங்கக் கடைத் தராசு இப்ப ஆர் பிடிக்கினம் எண்டு கேட்டு எழுதியிருந்தான்.

ஆமி போற கிழமை மேஜர் எங்கட வீட்டுக்கு வந்தவர். போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போக. ஒரு தகரப் பேணி நிறையச் சீனியும் கொண்டுவந்தவர். நான் கந்தோரில. மனுசி தேத்தண்ணி குடுத்து, தம்பி எப்ப வருவான் எண்டு கேட்டிருக்கிறா. அவருக்கு விளங்கேல்லை. திரும்பக் கேட்டிருக்கிறா. அப்ப அவர் தன்ர தமிழில சொல்லியிருக்கிறார், "நான் அந்தப் பேர் வெட்டினேனே அம்மா. அவர் எப்படிப் போனார்?" எண்டு. பாத்தியளே? அந்த மனுசனை நான் இண்டைக்கும் மன்னிக்கேல்லை. போறவன் பேசாமல் போகவேண்டியதுதானே. கந்தோர் விசயத்தை வீட்டுப் பொம்பிளையளோட கதைக்கிறதோ?

நான் பின்னேரம் வந்தால் சீனிப் பேணி முற்றத்துக் குப்பையில கிடக்கு. ஏன் எண்டு கேட்டன், எழும்பிக் குசினிக்குள்ள போட்டா. அயலில சொல்லித்தான் எனக்கு மேஜர் வந்ததும் கதைச்சதும் தெரியும்.

பிறகு ஆமியோட அமைச்சர்மாரும் கப்பலேறிப் போற நாள் வந்தது. அமைச்சர் எனக்கு வாக்குத் தந்தவர், "உமக்கும் மனுசிக்கும் இடம் இருக்கு, பயப்பிடாதையும்" எண்டு. மூட்டை முடிச்சோட துறைமுகத்துக்குப் போனம். வாசலில மேசை போட்டு ஒரு ஒபிசர் பட்டியல் வைச்சிருந்தார். பேருக்கு நேரே பென்சிலால கீறு. எனக்குத் தூரத்திலயே தெரிஞ்சிட்டுது. என்ர பேருக்கு நேரே ஒண்டும் இல்லை. கோடும் இல்லை. மறந்துபோச்சினம்.

அமைச்சர் உள்ளுக்கு, கம்பி வேலிக்கு அங்கால, வெள்ளை உடுப்போட நிக்கிறார். "சேர்" எண்டு கூப்பிட்டன். திரும்பினார். என்னைக் கண்டவர், கண்டது எனக்குத் தெரியும். ஆனால் என்னைப் பாக்கேல்லை. அந்த ஒபிசரின்ர முகத்தைப் பாத்தார். ஒபிசர் தலையை நிமித்தேல்லை. அமைச்சர் மற்றப் பக்கம் திரும்பிட்டார். ஒரு சொல், தம்பி. இவர் என்ர கிளாக்கர் எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எத்தினை தாள் துடைச்சுக் குடுத்தனான் அந்த மனுசனுக்கு. என்ர மச்சானையே குடுத்தனான். அவ்வளவு பெரிய துரோகத்தை எனக்கு வேற ஒருத்தரும் செய்யேல்லை.

மனுசி மூட்டைக்கு மேல இருந்துகொண்டு எல்லாத்தையும் பாத்துக்கொண்டு இருந்தவ. அவவுக்குக் கப்பலில ஏறுற எண்ணமே இருக்கேல்லை எண்டு பிறகுதான் விளங்கினது. "இனி வீட்டை போவம்" எண்டா. அந்தக் கிழமைதான் குலம் நிண்ட காவலரண் அடிபட்டு இல்லாமல் போனது. நிண்ட பொடியள் செத்ததோ, பிடிபட்டதோ, ஓடினதோ, ஒருத்தருக்கும் தெரியாது. ஆமி போச்சு, அமைச்சர்மார் போச்சினம், பட்டியல் இருந்த கந்தோர் எரிஞ்சு போச்சு. ஆரிட்டைக் கேக்கிறது?

அதுக்குப் பிறகு அவ அவனைப் பற்றி என்னோட கதைச்சதில்லை. சண்டையும் இல்லை. சமைப்பா, உடுப்புத் தோய்ப்பா, எனக்கு வருத்தம் எண்டால் மருந்து எடுத்து வைப்பா. ஆனால் அண்டைக்குத் துவங்கினவ, எங்கட வீட்டில பாண் வாங்கிறதில்லை. இருபத்தொன்பது வருசம். இடியப்பம் அவிப்பா, புட்டு அவிப்பா, காய்ச்சலோட எழும்பியும் அவிப்பா. பாண் மட்டும் வாசல் படி ஏறக்கூடாது. நான் ஏன் எண்டு கேக்கேல்லை. பொம்பிளையளின்ர பிடிவாதம்.

இந்தக் கந்தோருக்கு வாறதும் அவவின்ர முடிவுதான். நான் வேண்டாம் எண்டனான். இதுவும் ஒரு அரசாங்கம்தானே, இதுக்குப் பின்னாலயும் எந்தெந்த நாடு நிக்குதோ, ஆருக்குக் காட்டத் துவங்கினாங்களோ. அவ சீலையை மாத்திக்கொண்டு வெளிக்கிட்டா. நானும் பின்னால வந்தன்.

இந்தா, வாறா. முப்பத்தொன்பதைக் கூப்பிடுகினம்.

என்னவாம் மங்கை? சரி, தா. பேனையால எழுதட்டாமோ? நான் எழுதிறதோ?

பாத்தியளே தம்பி, தந்திட்டு அங்க மர நிழலில போய் இருக்கிறா. பக்கத்தில இருந்து வாசிச்சுக் காட்டினால் என்ன. சரி, எனக்குத்தான் எழுத்து வடிவு, அதுதான் தந்திருக்கிறா. கண்ணாடியைப் போடுறன், பொறுங்கோ. பேர், குலவீரசிங்கம். சரி. வயது, சரி. அடையாளம், வலது கண் பார்வை குறைவு. ம், அதையும் எழுதியிருக்கிறா. கடைசியாக யாருடன் காணப்பட்டார்: என் கணவர் இராசநாயகத்துடன், சைக்கிளில். அது உண்மைதான், அதில பிழை இல்லை. கொண்டு சென்றவர் யார்...

இல்லை. இது பிழை. இது சரியான பிழை, தம்பி. நீங்களே வாசிச்சுப் பாருங்கோ. "வெளிநாட்டு அதிகாரி என் தம்பியின் பெயரை வெட்டி விட்டிருந்தார். என் கணவர் அந்தக் கோட்டை அழித்தார்." இவ்வளவும்தான் எழுதியிருக்கிறா. அமைச்சர் எங்க? அரசாங்கம் எங்க? அதுக்குப் பின்னால நிண்டவை எங்க? ஒருத்தரையும் காணேல்லை. நான் ஒரு கிளாக்கர். சொன்னதைச் செய்தனான். முன்னால இருந்தவைக்கே கையும் காலும் கட்டியிருக்கேக்க, கீழ இருந்தவனுக்கு என்ன அதிகாரம்? இருபத்தொன்பது வருசம் ஒரு சொல் சொல்லாமல் இருந்துபோட்டு, அரசாங்கத்துப் படிவத்தில வந்து என்னைக் காட்டிக் குடுக்கிறாவே. அவவோட ஒரே வீட்டில இருந்தனே நான்.

பேனை இருக்கு, இந்தா, என்ர பொக்கெற்றுக்குள்ளதான் இருக்கு. எழுதலாம். ஆனால் திருத்தித்தானே எழுதச் சொல்லியிருக்கினம்? பிழையைத் திருத்தத்தானே பென்சிலால எழுதிறது?

அங்க இருந்து என்னையே பாக்கிறா. பாக்கட்டும்.

தம்பி, உந்தப் பாணில உள்சதை ஒரு கிள்ளுத் தாங்கோ. கொஞ்சம் போதும்.